ஹெட்போன் – இடப்பக்கம் பழுது

பிப்ரவரி 4, ஞாயிறு

வந்திருந்தவர்கள்: நான், மகள் ஜெனிட்டா, அவளுடன் காட்சித் தொடர்பியல் மூன்றாம் வருடம் படிக்கும் முகிலன், ஷாகிரா. என் வீட்டுக்காரர் இருதயராஜ் காபி குடிக்கும்வரை இருந்தார், பிறகு மில் பஸ் ஓட்டப் போய்விட்டார். வராதவர்: ஒலிப்பதிவு செய்வதாகச் சொல்லியிருந்த பையன். வேறு குழுவில் சேர்ந்துவிட்டானாம்.

அன்பியக் கூட்டத்துக்கு ஏழு வருடமாக அறிக்கை எழுதிய கை இது. எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள் சேர்ந்து ஜெபமாலை சொல்கிற கூட்டம். யார் வந்தார், யார் வரவில்லை என்று முதலில் எழுதாவிட்டால் எனக்கு அடுத்த வரி வராது.

விஷயம் இதுதான். பிள்ளைகள் மூவரும் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுத்து மார்ச் 4 அன்று கல்லூரியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இந்த வருடம் தேர்ச்சி இல்லை. கதை ஒரு மாமியாரும் மருமகளும் புழங்கும் அடுப்படியில் நடக்கிறது. இருவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சில்லை. படம் முழுக்கப் பாத்திரச் சத்தம்தான். கடைசியில் நாலே நாலு வசனம், அதுவும் தணிந்த குரலில். எங்கள் வீட்டு அடுப்படியில் எடுக்கப்போகிறார்கள். ஷாகிராதான் மருமகள். மாமியாராகப் பின்தெரு ராஜாத்தியம்மா நடிக்கச் சம்மதித்துவிட்டார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதட்டத் தெரியும்.

மூவரும் போட்ட பணம் என் பொறுப்பில் இருக்கிறது. அதற்குள் கேமராவும் மைக்கும் இரண்டு நாள் வாடகைக்கு எடுக்க வேண்டும். முகிலனுக்குப் பெரிய சினிமா கேமராதான் வேண்டும். அதை எடுத்தால் மைக்குக்கு மிச்சமில்லை.

"சவுண்டு கேமராலயே வந்துரும். மிச்சத்த எடிட்ல பாத்துக்கலாம்" என்றான்.

"என்னத்தப் பாப்ப? அதுல நீ மூச்சு வாங்குறதுதான் கேக்கும்" என்றாள் ஷாகிரா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அரிசி ஊறப் போட்டேன். ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். மைக்கைப் பற்றி நாலு வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்தேன்.

நான் புரிந்துகொண்டது இது. ஒரு மைக் எல்லாப் பக்கமும் கேட்கும். இன்னொன்று நீளமாகக் குழல்போல இருக்கும். எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அதை மட்டும் கேட்கும், பக்கவாட்டில் வருவதை விட்டுவிடும். ஒரு கோலின் நுனியில் கட்டி, நடிப்பவர் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும். அதற்குப் பூம் மைக் என்று பெயர். பக்கத்தில் கேட்காத மைக்குக்குத்தான் வாடகை அதிகம். விந்தையாக இருக்கிறது.

மூன்றாவது, கழுத்துப்பட்டியில் குத்தும் காலர் மைக். பொட்டு அளவுதான் இருக்கும்.

வீட்டுக்காரர் கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போது என் இடது பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு வலது பக்கம் வந்து உட்காருகிறார். கேட்டால் அங்கேதான் காற்று வருகிறதாம். மின்விசிறி நடுவில் இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

ஓசைக் கணக்கு எடுத்தேன். படம் எடுக்கும்போது வெளிச் சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் அதற்கு இடையில் எடுக்கலாம் அல்லவா? காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அடுப்படியிலேயே நோட்டும் கையுமாக இருந்தேன்.

6.00 கோயில் மணி. 6.40 எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார், இருபது நிமிடம். 7.15 மிக்சி, மேற்கு வீடு. 8.00 மில் சங்கு. 9.20க்குப் பிறகு அமைதி. 10.05 பழைய இரும்புக்காரர், ஒலிபெருக்கியோடு. 10.30 முதல் 11.50 வரை நல்ல அமைதி. 12.00 மணி. 12.30 பாங்கு. 1.10 சரக்கு ரயில், ஆறு நிமிடம். 2.00 முதல் 3.30 வரை தெரு தூங்குகிறது.

ஜெனிட்டா வாசித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கும் இது தோணலம்மா!" பிறகு பேனாவை வாங்கி, கீழே 'ஃபிரிட்ஜ் – நாள் முழுக்க' என்று எழுதினாள்.

"நம்ம ஃபிரிட்ஜ் சத்தமே போடாதுடி" என்றேன்.

"அம்மா, அது டிராக்டர் மாதிரி ஓடுது."

எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொல்வது இந்தப் பிள்ளைகளின் வழக்கம். நான் தினமும் எட்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நிற்கிறேன். அடுப்புக்கு இடது கைப்பக்கம்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 10, சனி

மதுரைக்குப் போய் வந்தோம். நான், ஜெனிட்டா, முகிலன். கேமரா வாடகைக் கடை மாடியில் இருக்கிறது. கடைக்காரர் பெயர் பாண்டிச்செல்வம், ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. மரியாதையான மனிதர். எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

முகிலன் நேராகப் பெரிய கேமராவிடம் போய்விட்டான். கன்றுக்குட்டியைத் தடவுகிறமாதிரி தடவினான். நான் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

"ஆன்ட்டி, என்ன பண்றீங்க?"

"அளக்குறேன். எங்க அடுப்படி எட்டுக்கு ஏழு. அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவுல மூணே கால் அடி. இந்த லென்சு, ஸ்டாண்டு எல்லாம் சேத்து ரெண்டே முக்கா வருது. நீ எங்கப்பா நிப்ப?"

"ஆன்ட்டி, இது இட்லிக் குண்டான் வாங்குற மாதிரி இல்ல."

"இட்லிக் குண்டானுக்கும் அடுப்போட அளவு பாத்துத்தான் வாங்கணும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "தம்பி, அக்கா சொல்றது சரிதான். இத வச்சு அடுப்படிக்குள்ள நீங்க திரும்பவே முடியாது. அந்தச் சின்னத எடுங்க. லைட்டு கம்மியா இருந்தாலும் நல்லா புடிக்கும்." முகிலன் முகம் சுருங்கிப்போய்விட்டது. ஆனால் சின்ன கேமராவில் என் கைவளையலைப் படம் பிடித்துத் திரையில் பார்த்ததும் கொஞ்சம் தெளிந்தான்.

பிறகு மைக். பேச்சைக் கேட்டு முடிவு செய்ய எனக்கு விருப்பமில்லை. இரண்டையும் பதிவு செய்து காட்டச் சொன்னேன். ஜெனிட்டா ஐந்தடி தள்ளி நின்று 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள், அதுவும் குசுகுசுவென்று. கேமரா மைக்கில் கேட்டால் ஏதோ காற்றடிக்கிறது. பூம் மைக்கில் கேட்டபோது முகிலனே காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, "ஆன்ட்டி, சாமி கும்புடுறது அப்படியே பக்கத்துல கேக்குது" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. சின்ன கேமரா, பூம் மைக், காலர் மைக், ஒரு பதிவுக் கருவி.

ஒலியைக் கவனிக்க ஆள் இல்லையே என்றபோது, "அக்காவே பண்ணலாமே, இவ்ளோ கவனமா இருக்காங்க" என்றார் கடைக்காரர். ஜெனிட்டாவும் குதித்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஹெட்போனை எனக்கு மாட்டி விளக்கினார். பூம் மைக் இடது பக்கம் கேட்குமாம், காலர் மைக் வலது பக்கம்.

வலது பக்கம் நன்றாகக் கேட்டது. இடது பக்கம் எதுவும் வரவில்லை.

"அண்ணே, இந்தப் பக்கம் வேல செய்யல."

அவர் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். "நல்லா வருதேக்கா" என்றார். இருந்தாலும் முகம் கோணாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படித்தான். இவ்வளவு நல்ல மனிதர் ஹெட்போன் விஷயத்தில் இப்படிக் கழிசடைகளை வைத்திருக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது. வாக்குவாதம் செய்யவில்லை. ரசீதில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் நிலையை எழுதினேன். நாளைக்கு நம்மீது பழி வரக்கூடாது பாருங்கள்.

கேமரா – நன்று. முக்காலி – ஒரு காலில் திருகு தளர்வு. பூம் கோல் – கீறல் இரண்டு. காலர் மைக் – நன்று. ஹெட்போன் – இடப்பக்கம் பழுது.

அவர் படித்துப் பார்த்தார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

16ஆம் தேதி முகிலன் போய் எல்லாவற்றையும் எடுத்துவர வேண்டும்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காலைப் பூசை. தவக்காலத்துக்கு எதை விடுவது என்று யோசித்தேன். மீன் போன வருடம் விட்டாயிற்று. இந்த நாற்பது நாளும் பொய் சொல்வதில்லை என்று நேர்ந்துகொண்டேன். சுலபமாகத்தான் தோன்றுகிறது.

பிப்ரவரி 17, சனி

முதல் நாள் படப்பிடிப்பு. ஓசைக் கணக்குப்படி 10.30க்கு ஆரம்பித்தோம். இன்று வசனம் இல்லை, பாத்திரம், தண்ணீர், கரண்டிச் சத்தம் மட்டும். ராஜாத்தியம்மா தேங்காய் துருவியதை ஒன்பது முறை எடுத்தார்கள். "ஏப்பா, சட்னி ஊருக்கே ஆகும் போலருக்கு" என்றார்.

ஜெனிட்டா ஃபிரிட்ஜை அணைத்துவிட்டாள். மறுபடி போட யாருக்கும் ஞாபகம் இல்லை. இட்லி மாவு பொங்கி இரண்டு தட்டு நனைந்தது. இதை இழப்பில் எழுதியிருக்கிறேன்.

முகிலன் பிடித்த படம் அழகாக இருக்கிறது. எங்கள் அடுப்படியில் அத்தனை வெளிச்சம் விழுகிறது என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஐந்தரைப் பூசைக்குப் போய் வந்து வேலையைத் தொடங்கினேன். இன்று நாலு வசனம்.

"உப்புப் போட்டியா?"

"இல்ல."

"போட்ராத. நான் போட்டுட்டேன்."

"சரி."

இவ்வளவுதான். இதற்கு மூன்று மணி நேரம். பூம் கோலை முகிலனின் தங்கை பிடித்தாள். காலர் மைக்கை ராஜாத்தியம்மாவின் முந்தானைக்கு உள்ளே குத்தியிருந்தோம். அவர் திரும்பும்போதெல்லாம் பாய் சுருட்டுகிறமாதிரி என் வலது காதில் சரக்கென்றது. ஏழு முறை நிறுத்தினேன். கடைசியில் முந்தானையை ஆறு ஊக்குப் போட்டு நகராமல் கட்டிவிட்டேன்.

"ஜெசிந்தா, என்னைய மூட்ட கட்டிட்டியே" என்றார்.

எட்டாவது முறை சுத்தமாக வந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று எழுதத் தெரியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

பொருள்கள் திரும்பக் கொடுக்கப்பட்டன. குறை எதுவும் சொல்லவில்லையாம். துணி ஊறவைத்தேன். முழங்கால் வலி.

பிப்ரவரி 21, புதன்

மதியம் ஷாகிரா மடிக்கணினியோடு வந்தாள், கூடவே முகிலனும். ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். முதல் நாள் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள், பூம் மைக்கில் பதிவானது முழுக்கக் கரக் கரக் கரக். யாரோ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருக்கிறமாதிரி. வயர் சரியாகச் செருகப்படவில்லையாம். 'உப்புப் போட்டியா' என்பது அந்த நொறுங்கலுக்கு அடியில் எங்கோ கிடந்தது.

ராஜாத்தியம்மா நேற்றே மகன் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார். ஏப்ரலில்தான் வருவார்.

"காலர் மைக்ல இருக்குமே?" என்றேன்.

"பொடவைக்குள்ள இருந்து என்ன ஆன்ட்டி வரும்? சரசரப்புதான் இருக்கும்" என்றான் முகிலன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஜெனிட்டா என் முன்னால் வந்து நின்றாள். "அம்மா. மூணு மணி நேரம் ஹெட்போன் போட்டிருந்த. இது உனக்குக் கேக்கவே இல்லையா?"

"ஹெட்போன்ல இடப்பக்கம் பழுது. நான்தான் ரசீதுலயே எழுதியிருக்கேனே."

உடனே கடைக்குப் போன் போட்டாள். அந்த மனிதரை என்னவெல்லாம் பேசிவிட்டாள்! "தெரிஞ்சே ஓட்டப் பொருளக் கொடுத்திருக்கீங்க, நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கீங்க. எங்க வருஷமே போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள வாடகையத் திருப்பித் தரலன்னா எல்லா காலேஜ் குரூப்லயும் உங்க கடை பேரப் போட்ருவேன்." மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதிகம் பேசவில்லை போலிருக்கிறது.

நான் போய் அரிசி களைந்தேன். நாலு தண்ணீர் மாற்றிவிட்டேன். வழக்கமாக இரண்டுதான்.

பிள்ளைகள் போன பிறகு செல்போனில் மாதா பாட்டு ஒன்றைப் போட்டு வலது காதில் வைத்தேன். கேட்டது. இடது காதில் வைத்தேன்.

செல்போனுக்கு ஏது இடப்பக்கம், வலப்பக்கம்? அதற்கு ஒரே ஓட்டைதான்.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

பிப்ரவரி 22, வியாழன்

செலஸ்தீனா அத்தை என் அப்பாவின் அக்கா. நாற்பத்தைந்து வயதில் காது போயிற்று. எனக்கு இப்போது நாற்பத்தேழு.

முதலில் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். பிறகு சைகை காட்டினார்கள். பிறகு அதையும் விட்டார்கள். 'அதுக்கிட்ட யாரு கத்துறது' என்பார் சித்தி. ஜெபமாலை சொல்லும்போது அத்தை நடுவில் எங்கேயோ 'ஆமென்' சொல்வார். அதனால் அவரை வழிநடத்த விடவில்லை, பிறகு வட்டத்தில் உட்காரவும் சொல்லவில்லை. நாங்கள் சிறுசுகள் அவர் முன்னால் நின்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்போம். 'என்னா, என்னா' என்று ஒவ்வொருவர் வாயாகப் பார்ப்பார்.

நானும் அசைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜெனிட்டா செல்போனை நீட்டினாள். "குரூப்ல போடப் போறேன். நீதான் நல்லா எழுதுவ. தப்பு இருக்கான்னு பாத்துக் குடு."

வாசித்தேன். 'இடப்பக்கம் பழுதான ஹெட்போனைத் தெரிந்தே கொடுத்து மாணவர்களை ஏமாற்றியவர்' என்று கடையின் பெயர், அவர் பெயர், போன் நம்பர் எல்லாம் இருந்தது. கீழே ரசீதின் படம். என் கையெழுத்து. முத்து முத்தாக இருக்கிறது.

"சரியா இருக்கா?"

"ஒரு தப்பு இருக்கு."

"எங்க?"

"பழுது ஹெட்போன்ல இல்லடி. என் காதுல."

அவளுக்குப் புரியவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்தாள். மூன்று ஹெட்போன் மாற்றிக் கொடுத்ததை, செல்போனை வைத்துப் பார்த்ததை, ஃபிரிட்ஜை, எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது முழு உண்மை இல்லை. போன கிறிஸ்மஸிலேயே ஒரு சந்தேகம் இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன், நேர்ந்திருக்கிறேனே.

ஜெனிட்டா எழுந்து என் இடது பக்கமாக வந்தாள். காதோரம் குனிந்தாள். அவள் மூச்சு கன்னத்தில் பட்டது. ஏதோ சொன்னாள். காற்றுதான் தெரிந்தது, சொல் தெரியவில்லை.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லம்மா." முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனில் எழுதியதை எல்லாம் அழித்தாள்.

கடைக்கு நானே போன் செய்தேன். வலது காதில் வைத்து. "அண்ணே, நான் திண்டுக்கல் ஜெசிந்தா. உங்க ஹெட்போன் நல்ல ஹெட்போன். என் பொண்ணு பேசுனதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன்."

"மூணாவது மாத்தும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா" என்றார். "எங்கப்பாவும் இப்படித்தான். ஒரு வருஷமா ரேடியோவக் கொற சொல்லிக்கிட்டே இருந்தாரு. ரெண்டு ரேடியோ மாத்துனோம்."

"பொறகு எதுக்கு கையெழுத்துப் போட்டீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? மொத மொதல்ல கடைக்கு வந்த அம்மாகிட்ட, ஒங்களுக்குக் காது கேக்கலன்னு சின்னப் புள்ளைங்க முன்னாடி சொல்லச் சொல்றீங்களா? ஒங்க பொண்ணு போன்ல திட்டும்போது கூட நீங்க பக்கத்துல இருப்பீங்கன்னுதான் பேசாம இருந்தேன். டாக்டரப் பாருங்கக்கா."

சிலுவைப்பாதைக்குத் தாமதமாகத்தான் போனேன். பதினான்கு ஸ்தலங்களில் ஆறாவதில் சேர்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 24, சனி

இவரிடம் சொன்னேன். மீன் குழம்புச் சட்டியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒரு வருஷமாவே தெரியும். கட்டில்ல எடம் மாத்திப் படுத்தேன். இங்க சேர மாத்திப் போட்டேன். எதுக்குன்னு நெனச்ச? காத்துக்கா?"

"நீங்கதான அப்படிச் சொன்னீங்க!"

"நீ ஒத்துக்குவியா? 'காது கேக்கலையா'ன்னு ஒரே ஒரு தடவ கேட்டேன். மூணு நாள் சோத்த வேகமா வச்சிட்டுப் போன."

அது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான் செய்யக்கூடியதுதான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஸ்தோத்திரம். ஷாகிரா காலையிலேயே ஓடிவந்தாள். காலர் மைக்கில் பதிவானதை யாரும் கேட்கவே இல்லை, வீண் என்று ஒதுக்கிவிட்டார்களே, அதை முழுக்கக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் ஏழு முறையும் சரசரப்பு. எட்டாவது முறை பளிங்குபோல இருக்கிறது. நாலு வசனமும் இருக்கிறது. ராஜாத்தியம்மா எச்சில் விழுங்குவதுகூட இருக்கிறது. பாத்திரச் சத்தத்தை முதல் நாள் பதிவிலிருந்து சேர்த்துக்கொள்ளலாமாம்.

"நீங்க ஏழு தடவ நிறுத்துனதுக்கு முகிலன் அன்னைக்கு உங்கள மனசுக்குள்ள திட்டுனானாம் ஆன்ட்டி. இப்ப உங்க ஊக்குக்குக் கோயில் கட்டணும்ங்கிறான்."

"எந்தக் கோயில்னு கேட்டு வை" என்றேன். இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம்.

ஒரு காது கேட்டது. அது ஒழுங்காகக் கேட்டிருக்கிறது.

பிப்ரவரி 26, திங்கள்

காது டாக்டர். இவரும் வந்தார், பாதி நாள் விடுப்பு. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். மறுபடியும் ஹெட்போன். சத்தம் கேட்கும்போது பொத்தானை அமுக்க வேண்டும்.

வலது காதுக்கு நன்றாக அமுக்கினேன். இடது காதுக்கு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. தோற்றுப்போகிறோமே என்று பயம் வந்துவிட்டது. ஜெபமாலை மணி உருட்டும் கணக்கில், ஒரு மணிக்கு ஒரு அமுக்கு என்று அமுக்கிக்கொண்டே போனேன்.

பரிசோதனை செய்யும் பெண் கதவைத் திறந்தாள். "அம்மா, நான் இன்னும் சத்தமே அனுப்பலயே."

தவக்காலம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டாவது முறை உண்மையாகச் செய்தேன்.

ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு குறைந்திருப்பதால் ஸ்கேன் எடுத்து, உள்ளே கட்டி எதுவும் இல்லையென்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். 'கட்டி' என்ற சொல்லை இவர் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி நடுவில், அத்தனை பேர் பார்க்க.

பிப்ரவரி 28, புதன்

ஸ்கேன். உள்ளே பயங்கரச் சத்தம். அதில் பாதிதான் எனக்கு.

பிப்ரவரி 29, வியாழன்

தோசை கருகிற்று. முடிவு நாளைக்கு.

மார்ச் 1, வெள்ளி

கட்டி எதுவும் இல்லை. வலது காது பழுதில்லை. இடது காதில் நரம்பு தளர்ந்திருக்கிறது, காது கேட்கும் கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும். இரண்டு வருடம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

வரும் வழியில் கோயிலில் இறங்கினோம். முழங்காலில் நின்று, குழாயில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 4, திங்கள்

படம் கொடுக்கப்பட்டது, மணி 3.40. ரசீது வாங்கச் சொன்னேன். கல்லூரியில் ரசீது கொடுக்கமாட்டார்களாம்.

மார்ச் 9, சனி

கல்லூரியில் எல்லாப் படங்களையும் போட்டுக் காட்டினார்கள். வந்திருந்தவர்கள்: நான், இவர், ஷாகிராவின் அத்தாவும் அம்மாவும், முகிலனின் தங்கை, மதுரையிலிருந்து பாண்டிச்செல்வம். அவரை ஜெனிட்டாவே கூப்பிட்டிருந்தாள். வாசலிலேயே நின்று அவரிடம் ஏதோ பேசினாள், அவர் அவள் தலையில் லேசாகத் தட்டினார். நான் வலது காது திரைப்பக்கம் இருக்கும்படி ஓரமாக உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே "எனக்கு இந்தப் பக்கம் கேக்காது, இங்க உக்காந்துக்கிறேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டால் அவ்வளவு கனமான வாக்கியமில்லை.

'உப்புப் போட்டியா' என்று ராஜாத்தியம்மா கேட்டபோது அரங்கத்தில் ஒருவர் இருமவில்லை. 'சரி' என்றதும் பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

எழுத்து ஓடியது. ஒலிப்பதிவு: ஜெசிந்தா இருதயராஜ். இவர் அதைச் செல்போனில் படமெடுக்கப் போய், அதற்குள் எழுத்து மேலே போய்விட்டது. பாண்டிச்செல்வம் எடுத்து வைத்திருந்தார்.

மார்ச் 10, ஞாயிறு

ஜெனிட்டா சென்னைக்கு எடிட்டிங் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். பத்து நாள். அன்பியக் கூட்டத்தில் என் காது விஷயத்தைச் சொன்னேன். அறிக்கையிலும் எழுதினேன். ஜெபமாலையை நானே வழிநடத்தினேன், எல்லோரையும் வலது பக்கம் சுற்றி உட்காரவைத்து.

மார்ச் 12, செவ்வாய்

காதுக் கருவிக் கடைக்குப் போனேன். இரண்டு வகை காட்டினார்கள். ஜெனிட்டாவுக்குச் செல்போனில் அனுப்பியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஜெனி, சாப்பிட்டியா? ரெண்டு மிஷின் பார்த்தேன். ஒண்ணு காதுக்குப் பின்னாடி வைக்கிறது. அதுல ரெண்டு குட்டி மைக் இருக்கு, எதிரில பேசுறவங்க குரல மட்டும் எடுத்துக்குமாம், நம்ம பூம் மாதிரி. ஆனா வெளியே தெரியும். இன்னொண்ணு காதுக்குள்ளயே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனா ஒரே மைக், எல்லாப் பக்கமும் கேக்கும். அப்பா தெரியாததா எடுக்கச் சொல்றாரு. நான் ரெண்டையும் போட்டு, கடைக்காரப் பொண்ண ஐந்தடி தள்ளி நிக்க வச்சு, மெதுவா ஜெபம் சொல்லச் சொல்லிப் பார்த்தேன். பின்னாடி வைக்கிறதுலதான் நல்லா கேட்டுச்சு. வெளியே தெரிஞ்சா தெரியட்டும்னு தோணுது. போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தா ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டுரும், அது ஒண்ணுதான் கவலை. வெள்ளிக்கிழமை காது அளவு எடுக்குறாங்க, அதுக்குள்ள எதுன்னு சொல்லணும். மைக் விஷயம் உனக்குத்தான் தெரியும். எத எடுக்கட்டும்? அப்புறம் அன்னைக்கு என் இடது காதுல என்ன சொன்ன? ரெண்டுக்கும் வியாழக்கிழமைக்குள்ள பதில் போடு."